மருமோன்ர பஜரோ ஏன் உதறுது?

பிறேக்கை மிதிச்சால் உன்ர பஜரோ உதறுது எண்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நிக்கிறாய் மருமோன். நீ அதுக்குக் கொட்டின காசைக் கேட்டு நானே ஒருக்கா உதறிப் போனன். சுமக்கிற வாகனம் உதறாமல் இருக்குமே?

உன்னில முழுப் பிழையும் சொல்ல ஏலாது. 2020 பங்குனியில வாகன இறக்குமதியை நிப்பாட்டினவங்கள், வீட்டுப் பாவனை வாகனத்துக்கு 2025 மாசியிலதான் கதவைத் திறந்தவங்கள். அந்த அஞ்சு வருசத்துக்குள்ள கொழும்பில பழைய ஜீப் வச்சிருந்தவனெல்லாம் பெரிய முதலாளி. புதுசு எடுக்க வழியில்லாதவன் பழசுக்குத்தானே பவுடர் பூச வேணும்? நீயும் பூசினாய். முதல் உயரத்தைக் கூட்டினாய். பேந்து 31 அங்குல ரயர். பேந்து முன்னுக்கு வின்ச், மேல ஒரு கூடை, கூடைக்குள்ள ஒரு சவள். வெள்ளவத்தையில தலைக்கு மேல சவள் கட்டிக்கொண்டு திரியிற ஒரே ஆள் நீதான். அதில மண் பட்டதை நான் இன்னும் காணேல்லை.

இவ்வளவு பாரத்தையும் ஏத்திப்போட்டுப் பழைய பிறேக் பிடிக்குதில்லை எண்டு கண்டுபிடிச்சாய். அது சரி, அதில நக்கல் இல்லை. ரயர் பெருக்கப் பெருக்க அதை நிப்பாட்டப் பிறேக்குக்குக் கூடப் பலம் வேணும். உடன பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையளை ஒரு முனையில இருந்து மற்ற முனைவரை உழுது, பெரிய டிஸ்க்கும் நாலு பிஸ்டன் கலிப்பரும் கொண்டு வந்தாய். சும்மா டிஸ்க் எடுத்தனியே? ஓட்டை போட்டது! மாமி அதைப் பாத்திட்டுப் புது இடியப்பத் தட்டெண்டு குசினிக்குள்ள கொண்டுபோகப் பாத்தவ. ஓட்டை டிஸ்க் பந்தயக் காருக்குப் பிறந்த சாமான். சேத்துக்குள்ள இறங்கிற வண்டிக்கு அந்த ஓட்டையெல்லாம் மண் அடைக்கும். நல்லாச் சூடேறி ஆறி ஆறி, காலம் போக ஓட்டை விளிம்பில இருந்து வெடிப்பு ஓடும். சரி, வாங்கியாச்சு. வடிவுக்கு வச்சிரு.

இப்ப கொட்டாவையில நெடுஞ்சாலையால இறங்கேக்க, எண்பதில வச்சுப் பிறேக்கைத் தொட்டால் ஸ்டியரிங் கைக்குள்ள துள்ளுது. பூட்டின கராஜ் பாஸிட்டக் கேட்டாய். "டிஸ்க் வளைஞ்சுபோச்சு மாத்தையா, வேற செட் ஒண்டு போடுவம்" எண்டாராம். நீயும் தலையாட்டிப்போட்டு வந்திருக்கிறாய். ஆட்டு ராசா, நல்லா ஆட்டு. வண்டி ஆடுறது, தலை ஆடுறது, பாஸின்ர பிள்ளையளின்ர ரியூசன் காசு மட்டும் ஆடாமல் நிக்கும்.

அமெரிக்காவில கரோல் ஸ்மித் எண்டு ஒரு பந்தயக்கார எஞ்சினியர் இருந்தவர். 2003 இல மோசம் போனவர். 1966 இல ஃபோர்ட் கொம்பனி லெ மான்ஸ் பந்தயத்தை வெண்டதே, அந்த வேலையில நிண்ட ஆள். வளைஞ்ச டிஸ்க் எண்டு தன்னிட்டக் கொண்டுவந்ததை எல்லாம் ஆராய்ஞ்சு பாத்திட்டு, ஒண்டும் வளையேல்லை, பிறேக் பாட்டின்ர மருந்துதான் டிஸ்க்கில ஒரு இடத்தில கூடவும் ஒரு இடத்தில குறையவும் ஒட்டியிருக்கு எண்டு எழுதிவச்சவர். பாட் டிஸ்க்கில உரஞ்சேக்க தன்ர மருந்தில ஒரு மெல்லிய படையை அதில பூசிவிடும். அந்தப் படை எல்லா இடமும் ஒரே மாதிரி இருந்தால் பிறேக் வெண்ணெய். ஒரு இடத்தில திட்டாய்க் கிடந்தால் அந்தத் திட்டு கூடப் பிடிக்கும், கூடப் பிடிக்கிறதால கூடச் சூடாகும், சூடானதால இன்னும் கூட ஒட்டும். 650 பாகைக்கு மேல போச்செண்டால் அதுக்குக் கீழ இருக்கிற வார்ப்பிரும்பே குணம் மாறி, சிமென்ரைட் எண்டு ஒரு கடுஞ்சாதியாகும். பேந்து அது தேயாது. சுத்திவரத் தேயும், அது மட்டும் மேடாய் நிக்கும். லேத்தில போட்டு மேலால வழிச்சாலும் வேர் உள்ளுக்க இருக்கும்.

எவ்வளவு மேடு எண்டு கேள். நூறில ரெண்டு மில்லிமீற்றர் போதும், உன்ர கைக்குத் தெரியும். உன்ர தலைமயிர் ஒண்டை எடுத்து நீளவாக்கில மூண்டாய்க் கிழிச்சால் ஒரு கீறு. உன்ர தலையில இப்ப இருக்கிற நிலையில அந்தச் சோதினைக்கு மயிர் தரமாட்டாய், அது வேற கதை.

ஏன் நாப்பதில ஒண்டும் தெரியேல்லை, எண்பதில துள்ளுது? என்ர பேத்தி உயர்தரத்தில பௌதிகவியல் படிக்கிறாள், அவளிட்டக் கேட்டன். 31 அங்குல ரயர் ஒருக்காச் சுத்தினால் ரெண்டரை மீற்றர் போகும். எண்பதில ஓடேக்க வினாடிக்கு ஒன்பது சுத்து. டிஸ்க்கில ஒரு மேடு இருந்தால் வினாடிக்கு ஒன்பது உதை. முன் அச்சு, ஸ்டியரிங் எல்லாத்துக்கும் தனக்கெண்டு ஒரு ஆட்டத் தாளம் இருக்காம். உதையின்ர தாளம் அதுக்குக் கிட்டப் போகேக்க ரெண்டும் சேந்து கூத்தாடும். வேகம் குறைய ஆட்டம் அடங்கிறது அதாலதான். நீ என்னெண்டால் வெள்ளவத்தைப் பிள்ளையாருக்கு நேந்த தேங்காயாலதான் அடங்கினது எண்டு நினைச்சிருப்பாய்.

இனி அந்த உதறல் எப்பிடி வந்தது எண்டு பாப்பம். இதில உனக்கும் பங்கு, பாஸுக்கும் பங்கு, கடலுக்கும் பங்கு.

கடலின்ர பங்கை முதல் சொல்லுறன். இஞ்ச ரயில் பாதைக்கு அங்கால கடல். மரீன் டிரைவில ஒரு மாதம் நிப்பாட்டின வண்டியைப் பார், நட்டில இருந்து கறள் எட்டிப் பாக்கும். உன்ர ஹப் எத்தினை வருசம் இந்தக் காத்துக் குடிச்சது? டிஸ்க் போய் இருக்கிற அந்த முகத்தில கறள் பொருக்குப் பொருக்காய்க் கிடக்கும். பாஸ் அதுக்கு மேலயே புது டிஸ்க்கை வச்சு இறுக்கியிருக்கிறார். நல்ல மனுசன், பழைய கறளைக் கலைக்க மனம் வரேல்லைப் போல. ஹப்பில 0.05 மில்லிமீற்றர் பொருக்கு ஒரு பக்கத்தைத் தூக்கினால், டிஸ்க் சரிஞ்சு இருக்கும். அந்தச் சரிவு வெளி விளிம்புக்குப் போகேக்க ரெண்டு மடங்காகும். இதில ஒரு பகிடி இருக்கு பார்: சின்ன டிஸ்க் இருக்கேக்கயும் அதே கறள்தான் இருந்தது. டிஸ்க் சின்னன், பிடி குறைவு, அது வாய் திறக்கேல்லை. நீ பெரிய டிஸ்க் பூட்டி அதுக்கு மைக் பிடிச்சுக் குடுத்திருக்கிறாய்.

கன கொம்பனிக் கையேட்டில டிஸ்க் வெளி விளிம்பில ஆடலாமெண்டு விடுற அளவு 0.05 இல இருந்து 0.1 மில்லிமீற்றருக்குள்ள. அதைக் கண்ணால பாக்க ஏலாது, கையால தடவவும் ஏலாது. டயல் கேஜ் வேணும். கொட்டாஞ்சேனையில ஜம்பட்டா வீதிப் பக்கம் ஒரு பழைய லேத்காரர் இருக்கிறார். நீ டிஸ்க்கைக் கொண்டுபோய் "அண்ணை, வழிச்சுத் தாங்கோ" எண்டால் வாங்கமாட்டார். "வண்டியைக் கொண்டு வா, வண்டியில வச்சு அளந்தாப்பிறகுதான் மெசினுக்குக் கரண்ட்" எண்டுவார். வாற பெடியளுக்குக் கோவம். உடன சில்லைக் கழட்டி, டிஸ்க் இறுகி நிக்குதோ எண்டு பாத்து, கேஜின்ர மூக்கை விளிம்பில முட்ட வச்சு ஒரு சுத்துச் சுத்துவார். முள்ளு ஆடினால் டிஸ்க்கை ஒரு போல்ட் ஓட்டை தள்ளிப் பூட்டித் திரும்பவும் பாப்பார். ஆறு போல்ட்டுக்கு ஆறு இருப்பிடம். டிஸ்க்கின்ர கோணலும் ஹப்பின்ர கோணலும் ஒண்டையொண்டு வெட்டுற ஒரு இருப்பிடம் அனேகமாக் கிடைக்கும். அதுக்குப் பிறகும் ஆடினால்தான் லேத். அதிலயும் டிஸ்க்கின்ர ஓரத்தில வெட்டியிருக்கிற ஆகக் குறைஞ்ச தடிப்பை வாசிச்சுப்போட்டுத்தான் கத்தி வைப்பார்.

உனக்கு ஒரு கேள்வி வரும்: பூட்டின அண்டைக்கு நல்லா இருந்ததே, தெகிவளை மட்டும் ஓடிப் பாத்தனாங்களே எண்டு. அதுதானே சூக்குமம்! சரிஞ்ச டிஸ்க் முதல் நாள் உதறாது. கலிப்பரின்ர பிஸ்டன் அதோட சேந்து கொஞ்சம் அசைஞ்சு குடுக்கும். ஆனால் நீ பிறேக்கில கால் வைக்காமல் ஓடுற நேரமெல்லாம், சரிவின்ர உயர்ந்த பக்கம் ஒவ்வொரு சுத்துக்கும் பாட்டில போய்த் தட்டும். அந்தப் பக்கம் மட்டும் மெல்ல மெல்லத் தேயும். சில ஆயிரம் கிலோமீற்றர் ஓடினாப்பிறகு தடிப்பு வித்தியாசம் வந்திடும், உதறல் தொடங்கும். அந்த நேரம் பாஸிட்டப் போனால் "நான் பூட்டேக்க நல்லாத்தானே இருந்தது" எண்டுவார். அவர் பொய் சொல்லேல்லை. அதுதான் அவருக்குப் பலம். நீ இப்ப கறளைத் துடைக்காமல் புது டிஸ்க் செட் ஒண்டு வாங்கினால் இன்னும் மூண்டு நாலு மாசம் சந்தோசமாய் ஓடலாம். பேந்து திரும்பவும் வாங்கலாம். பஞ்சிகாவத்தையில உன்னைக் கண்டால் கதிரை இழுத்துப் போடுறாங்கள் எண்டு நீ பெருமையாய்ச் சொன்னனி, ஏன் போடமாட்டாங்கள்?

பாஸின்ர ரெண்டாவது பங்கு நட்டு. ரயர் கடை மாதிரி அந்தக் காத்துத் துவக்கை வச்சு "டர்ர்ர்" எண்டு இறுக்கினால் கேக்க வீரமாய்த்தான் இருக்கும். ஒரு நட்டு ஏறி இறுகிக் கிடக்கும், பக்கத்து நட்டு பாதியில நிக்கும். ஹப் அந்த இழுப்பில கோணும், அதோட டிஸ்க்கும். எதிர் எதிர் நட்டாய்ப் பாத்து, ரெண்டு மூண்டு தடவையில, டோர்க் ரென்ச் வச்சு இறுக்க வேணும். இந்தச் சாதி வாகனத்துக்கு நூறு, நூற்றிப்பத்து நியூட்டன் மீற்றர் அளவில கையேடு சொல்லும். கையேட்டை விரிச்சுப் பார். சவள் வாங்கினவனுக்கு ஒரு டோர்க் ரென்ச் வாங்க முடியாதே?

மூண்டாவது, பெயாறிங். உன்ர மொடல் பஜரோவுக்கு டிஸ்க் ஹப்புக்குப் பின்னால போல்ட்டில பூட்டியிருக்கும். டிஸ்க் மாத்த ஹப்பையே கழட்ட வேணும். திரும்பப் பூட்டேக்க பெயாறிங்கை அளவாய் இறுக்க வேணும். கூட இறுக்கினால் சூடாகும், குறைய இறுக்கினால் முழுச் சில்லும் ஆடும். ஜக்கில ஏத்தி, சில்லின்ர மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பார். 'டக்' எண்டு சத்தம் கேட்டால் புது டிஸ்க் இல்லை, தங்கத்தில டிஸ்க் செய்து பூட்டினாலும் உதறும். அப்பிடியே ரைரொட் முனை, ஐட்லர் ஆம், கீழ் ஆமின்ர றப்பர் புஷ் எல்லாத்தையும் ஒரு இரும்பு வச்சு நெம்பிப் பார். 31 அங்குல ரயர் அதுகளை எவ்வளவு காலமாய்க் குத்தியிருக்கும்? டிஸ்க்கில இருக்கிற சின்ன உதையைத் தேஞ்ச புஷ்தான் பெரிசாக்கிக் கையில தரும். கலிப்பர் வழுக்கிற ஊசி இருந்தால் அதுக்குக் கிறீஸ் போட்டவரோ எண்டும் கேள். உன்ர புதுசில ரெண்டு பக்கமும் பிஸ்டன் எண்டால் முன்னுக்கு அது இல்லை, பின்னுக்குப் பார்.

இனி உன்ர பங்கு. ஓடாதை, இரு.

புதுப் பாட்டும் புது டிஸ்க்கும் பூட்டினால் அதுகளைப் பழக்க வேணும். புது டிஸ்க்கில கறள் பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசித்தான் வரும். முதல் அதைக் கழுவ வேணும். பேந்து வாகனம் இல்லாத நேர் றோட்டில அறுபதுக்கு ஏத்தி, ஒரே அளவாய் மிதிச்சுப் பத்துக்கு இறக்கி, நிப்பாட்டாமல் திரும்ப ஏத்தி, இப்பிடிப் பத்துத் தடவை மட்டில. அதுக்குப் பிறகு பிறேக்கைத் தொடாமல் பத்து நிமிசம் காத்து வாங்க ஓட வேணும். அந்தப் படை ஒரு சீராய்ப் பூசுறது அப்பதான். புத்தளத்தால எலுவன்குளம் போற றோட்டில விடியக் காலமை செய்யலாம். நீ செய்த இடம் எது? காலி வீதி! பின்னேரம் அஞ்சரை மணி! பம்பலப்பிட்டிக் கலர் லைட்டில பிறேக்கைச் சூடாக்கி, சிவப்பு விழுந்தவுடன நட்ட நடு றோட்டில மிதிச்சபடி ரெண்டு நிமிசம் நிண்டிருப்பாய். சூடான டிஸ்க்கில சூடான பாட் ஒரே இடத்தில அமத்திக் கொண்டு நிண்டால் என்ன நடக்கும்? பாட்டின்ர அச்சு அப்பிடியே பதியும். உன்ர டிஸ்க்கைக் கழட்டி வெளிச்சத்தில பிடிச்சுப் பார், பாட்டின்ர உருவத்தில கருநீலமாய் ஒரு திட்டுத் தெரிஞ்சாலும் தெரியும்.

எவ்வளவு சூடு எண்டும் பேத்தி சொன்னவள். ரெண்டு தொன் வண்டி எண்பதில இருந்து நிக்கேக்க கிட்டத்தட்ட 500 கிலோஜூல் போக இடம் தேடுமாம். முக்கால்வாசி முன்னுக்குத்தான். ஒரே மிதியில முன் டிஸ்க் நாப்பது பாகை மட்டில ஏறும். இது ஒரு மிதி. நீ போன நீண்ட விடுமுறைக்கு நுவரெலியாவால, 1,868 மீற்றரில இருந்து றம்பொடைப் பக்கமாய் இறங்கினனி. கியரை நாலில போட்டுக்கொண்டு, காலைப் பிறேக்கில வச்சுக்கொண்டு, போனில படம் எடுத்துக்கொண்டு. இறங்கி ஆத்தைக் கண்டவுடன சவளுக்கு வேலை வரும் எண்டு ஜீப்பைத் தண்ணிக்குள்ளயும் விட்டாய். காய்ஞ்ச டிஸ்க்குக்குப் பச்சைத் தண்ணி! அதுவும் பத்தாதெண்டு வந்து சேவிஸ் ஸ்டேசனில சூடு ஆறமுன்னம் பிறஷர் வோஷ். மலையில ஏறின கியரிலதான் இறங்க வேணும் எண்டு எங்கட ஊர் லொறிக்காரர் தாடி முளைக்க முன்னம் படிக்கிற பாடம். எஞ்சினை இழுக்க விடு, பிறேக்கை இடைக்கிடை பலமாய் மிதிச்சு விடு, மெல்லமாய் அமத்திப் பிடிச்சுக் கொண்டே வராதை.

எங்கட காலத்தில யாழ்ப்பாணத்தில பொருளாதாரத் தடை இருக்கேக்க ஓஸ்ரின் ஏ40 ஐ மண்ணெண்ணெயில ஓட்டினவை. ஸ்ராட் பண்ண மட்டும் நாலு சொட்டுப் பெற்றோல். அதுக்கு நாலு பக்கமும் ட்ரம் பிறேக். மிதிச்சால் அடுத்த சந்தியில நிக்கும். அதனால ஆரும் வேகமாய் ஓடேல்லை, ஒருதருக்கும் உதறவும் இல்லை. டிஸ்க் பிறேக்குக்கு லான்செஸ்டர் எண்ட இங்கிலாந்துக்காரன் 1902 இலயே பேற்றன்ற் எடுத்தவன்; 1953 இல ஜாகுவார் அதைப் பூட்டி லெ மான்ஸ் வெண்டாப்பிறகுதான் உலகம் திரும்பிப் பாத்தது. 4டிஆர்5 மிற்சுபிசி ஜீப் வச்சிருக்கிறவை இப்பவும் இஞ்ச முன்னுக்கு ட்ரம்மைக் கழட்டி டிஸ்க் போடுறவை. நல்ல வேலைதான். அந்த ஜீப்புகளும் இதே கறள், இதே பெயாறிங்காலதான் உதறுது. ஆனால் அந்த ஜீப் சும்மா நிண்டாலே உதறும், ஆரும் கண்டுபிடிக்கிறேல்லை.

எண்டபடியால் நீ இப்ப காசோட பஞ்சிகாவத்தைக்கு ஓடாதை. முதல் ஒரு நேர் றோட்டில பார். பிறேக் மிதிக்க ஸ்டியரிங் துள்ளினால் முன்னுக்கு. கதிரையும் குண்டியும் துள்ளினால் பின்னுக்கு. சந்தேகமெண்டால் ஒருதரும் இல்லாத இடத்தில, மெதுவாய் ஓடேக்க, ஹாண்ட் பிறேக்கின்ர பொத்தானை அமத்திப் பிடிச்சபடி மெல்ல இழுத்துப் பார். அதில உதறினால் பின் டிஸ்க்குக்குள்ள இருக்கிற ஹாண்ட் பிறேக் ட்ரம்மைக் கவனி. பிறேக்கே மிதிக்காமல் உதறினால் அது பிறேக்கில்லை, ரயர் பலன்ஸ். அந்தப் பெரிய சில்லின்ர உள்பக்கத்தில வில்பத்துச் சேறு காய்ஞ்சு கிடக்கோ எண்டும் பார்.

பேந்து கழட்டு. வயர் பிறஸ்ஸால ஹப் முகத்தை வெள்ளி மாதிரி மினுக்கு. டிஸ்க்கின்ர உள்முகத்தையும். டயல் கேஜ் வச்சு அள. பெயாறிங், புஷ் பார். திட்டு மெல்லிசெண்டால் நல்ல பழக்கல் ஓட்டம் ஒண்டிலயே போகக்கூடும். போகாட்டிக் கொட்டாஞ்சேனைக்குப் போ, ஆனால் அந்தாள் உன்ர ஓட்டை டிஸ்க்கைப் பாத்துச் சிரிப்பார், அதைத் தாங்கிற மனதோட போ. வருசா வருசம் வாகன லைசன்சுக்குப் புகை பாக்கிறாங்கள்; உன்ர வீட்டு வண்டியின்ர பிறேக்கை அதில ஒருதரும் எட்டிப் பாக்கிறேல்லை. நீதான் பாக்க வேணும்.

இன்னொண்டு. இந்தப் பெரிய கலிப்பர் பழைய 15 அங்குலச் சில்லுக்குள்ள அடங்காதெண்டுதானே 16 அங்குல அலோய் சில்லு நாலு வாங்கினனி? நாலுதானே வாங்கினனி? அப்ப பின்கதவில கவர் போட்டு, அதில காண்டாமிருகப் படமும் ஒட்டித் தொங்க விட்டிருக்கிறியே ஒரு ஸ்பெயார் வீல், அது எத்தினை அங்குலம் மருமோன்?